அம்மாவுக்குக் கேட்காத எண்கள்

“ஏட்டி, தண்ணிக்குள்ள நின்னு பேசுதியா? ஒண்ணும் வெளங்கலயே.”

வீட்டில் செல்போன் சிக்னலைப் பெருக்கித் தரும் பூஸ்டரை மாட்டிய அன்று அம்மா சொன்ன முதல் வார்த்தை இது. அவள் குரல் எனக்குப் பக்கத்து அறையிலிருந்து வருவது போலக் கேட்டது. அம்பாசமுத்திரத்தில் அப்போது விடிகாலை ஐந்தரை மணி. வாசல் பெருக்குகிற சத்தம்கூடக் காதில் விழுந்தது. என் போனில் டவர் நாலு கோடும் நிறைந்திருந்தது. ஆனாலும் நான் பேசியது அவளிடம் போய்ச் சேரவில்லை.

நாங்கள் இருப்பது பென்சில்வேனியாவின் நடுப்பகுதியில், பென்ஸ் வேலி என்ற பள்ளத்தாக்கில். ஸ்டேட் காலேஜ் பக்கமிருந்து 45ஆம் எண் சாலையில் கிழக்கே வந்தால், கோரைப்பாயைத் தள்ளிச் சுருக்கியது போல அப்பலாச்சியன் மலை மடிப்பு மடிப்பாகக் கிடக்கும். நடுவில் சோளக்காடு, பழைய வாழ்க்கை முறையை விடாத ஆமிஷ் மக்களின் பண்ணைகள், அவர்களுடைய குதிரை வண்டிகள். கண்ணுக்கு அழகான இடம், செல்போனுக்குக் கஷ்டமான இடம். போதாததற்கு எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. சுவருக்குள் அலுமினியத் தாள் ஒட்டிய ஃபோம் பலகை. ஜன்னல் கண்ணாடியிலும் குளிரைத் தடுக்கும் மெல்லிய உலோகப் பூச்சு. வெப்பத்தை உள்ளே பிடித்து வைக்கிற இந்த மூன்றும் சிக்னலை வெளியே நிறுத்திவிடும்.

வாட்ஸ்அப்பில் பேசலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள், கணக்கில் புலி. ஆனால் தொடுதிரை அவளுக்குப் பிடிபடவில்லை, வற்புறுத்த எனக்கும் மனசில்லை. இடது காதில் மெஷின் வேறு வைத்திருக்கிறாள். காது நன்றாகக் கேட்கிறவர்கள் விட்டுப்போன சொல்லை ஊகித்துக்கொள்வார்கள். அவளுக்கு ஒரு எழுத்து உடைந்தால் வாக்கியமே போய்விடும். அதனால்தான் இந்த விஷயத்தில் விடாப்பிடியாக நின்றேன்.

முதலில் அங்கே உள்ள லைனைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு என் கணவர் காரை எடுத்துக்கொண்டு சிக்னல் நன்றாக இருக்கும் இடத்துக்குப் போய் நிறுத்தினார். வீட்டிலிருந்து அவருக்குக் கூப்பிட்டேன். அவருக்கும் அதே தண்ணீர்க் குரல். அப்போதே ஒன்று தெளிவாகிவிட்டது. நான் கேட்பது சரியாக இருக்கிறது, நான் சொல்வதுதான் போகவில்லை. டவர் பல வாட் சக்தியில் கத்துகிறது, நம் கைபேசியால் அதிகபட்சம் 0.2 வாட் அளவுக்குத்தான் பதில் சொல்ல முடியும். போகும் பாதை வரும் பாதையைவிட எப்போதும் மெலிந்தது. போனில் தெரியும் கோடுகள் வரும் பாதையை மட்டும் காட்டுகின்றன. போகும் பாதையைக் காட்ட கோடு எதுவும் கிடையாது. அதை அளக்க மறுமுனையில் ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் அம்மாதான். தினமும் கூப்பிட்டவுடன் ஒன்றிலிருந்து இருபது வரை நிதானமாகச் சொல்வேன். முந்தின நாள் காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் தனக்குக் கேட்காத எண்களை அவள் எழுதுவாள். முதல் நாள் ஒன்பது எண் விட்டுப்போயிருந்தது. “நாலு, ஏழு, எட்டு வரல. பதினொண்ணுல ‘ஒண்ணு’ மட்டும் வந்துச்சு, அதை எப்படிட்டி போட?” என்று கேட்டாள். பாதி வந்ததற்குப் பாதிக் கோடு போடச் சொன்னேன். எந்தக் கருவியும் இவ்வளவு துல்லியமாக எனக்குச் சொல்லியிருக்காது.

பூஸ்டர் என்பது மூன்று பொருள்: கூரைமேல் ஒரு ஆண்டெனா, நடுவில் ஆம்ப்ளிஃபயர், வீட்டுக்குள் இன்னொரு ஆண்டெனா. எங்கள் ஆம்ப்ளிஃபயரில் பச்சையாக எரிய வேண்டிய விளக்கு ஆரஞ்சில் விட்டுவிட்டு மினுங்கிக்கொண்டிருந்தது. ஏதோ தொடக்க நிலை என்று இரண்டு நாள் விட்டுவிட்டேன். கையேட்டைப் புரட்டிய பிறகுதான் அது அலைவு என்று தெரிந்தது. உள்ளே விடுகிற சிக்னல் கசிந்து மறுபடி கூரை ஆண்டெனாவுக்கே போகிறது. ஆம்ப்ளிஃபயர் அதையும் பெருக்குகிறது, அதுவும் கசிகிறது.

இதை அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது பாதியிலேயே நிறுத்தினாள். “அப்போ என் காது மெஷின் கூவுத மாதிரியா?” என்றாள். அதேதான். போனைக் காது மெஷினுக்கு ஒட்டிப் பிடித்தால், உள்ளே போக வேண்டிய சத்தம் வெளியே வந்து மைக்கில் விழுந்து கீச்சென்று கூவும். பூஸ்டரும் அப்படியே கூவுகிறது, நம் காதுக்குக் கேட்பதில்லை. அலைவு கண்டால் பூஸ்டர் தானே பெருக்கத்தைக் குறைத்துக்கொள்ளவோ அணைந்துகொள்ளவோ வேண்டும் என்பது இங்கே விதி. எங்களுடையது குறைத்துக்கொண்டது. குரல் உடைந்ததற்கு அது ஒரு காரணம்.

70 டெசிபல் பெருக்கம் என்றால் ஒரு கோடி மடங்கு. ஒரு கோடி மடங்கு பெருக்கும் பெட்டி வைத்திருந்தால், இரண்டு ஆண்டெனாக்களுக்கும் நடுவே கசிவு அதைவிடப் பெரிய அளவில் அடைபட வேண்டும். நாங்களோ கூரை விளிம்பில் ஒன்றும், அதற்கு நேர் கீழே மாடி அறையில் ஒன்றும் வைத்திருந்தோம். நடுவே பன்னிரண்டு அடிகூட இல்லை. கூரை ஆண்டெனாவை வீட்டின் மறுகோடி முகட்டுக்கு ஏற்றினோம். உள் ஆண்டெனாவைக் கீழ்த்தள ஹாலுக்கு இறக்கி, அதன் முகத்தைக் கூரைக்கு எதிர்ப்பக்கம் திருப்பினோம். இதுவரை தொல்லை கொடுத்த தகரக் கூரை இப்போது இரண்டுக்கும் நடுவே நல்ல தடுப்பாக நின்றது. விளக்கு பச்சையானது. அன்று விட்டுப்போனவை ஐந்து எண்.

ஒன்பது ஐந்தானது சந்தோஷம்தான். ஆனால் அம்மாவுக்கு ஐந்தும் அதிகம்.

அப்புறம்தான் கோடுகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு எண்களைப் பார்க்க ஆரம்பித்தேன். ஐபோனில் *3001#12345#* என்று அடித்துக் கூப்பிட்டால் ஒரு சோதனைப் பக்கம் திறக்கும். அதில் ஆர்எஸ்ஆர்பி என்பது சிக்னல் எவ்வளவு பலம் என்று சொல்லும். எஸ்ஐஎன்ஆர் என்பது இரைச்சலைவிட அது எவ்வளவு மேலே இருக்கிறது, அதாவது எவ்வளவு சுத்தம் என்று சொல்லும். வீட்டுக்குள் பலம் மைனஸ் 88, அருமையான எண் (பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க பலம் கூடுதல்). சுத்தமோ வெறும் 1. தோட்டத்தில் போய்ப் பார்த்தால் பலம் மைனஸ் 104, சுத்தம் 8. பூஸ்டரே இல்லாத தோட்டத்தில் குரல் இதைவிட நன்றாகப் போனது. கல்லோடு சேர்த்து அளந்தாலும் படி நிறையும், உலையில் போடும்போதுதான் தெரியும்.

அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று தேட டவர்களை வரைபடத்தில் காட்டும் செல்மேப்பர் என்ற ஆப் உதவியது. எங்கள் நிறுவனத்தின் டவர் பள்ளத்தாக்கின் இரண்டு முனைகளிலும் இருக்கிறது, இரண்டும் பேசுவது ஒரே அலைவரிசையில். கூரையில் இருந்ததோ எல்லாத் திசையிலும் கேட்கிற உருளை ஆண்டெனா. இரண்டு டவரையும் ஒரே அளவில் அள்ளி உள்ளே கொட்டிக்கொண்டிருந்தது. ஒன்றுக்கு மற்றொன்று இரைச்சல்.

இன்னொன்றும் இருந்தது. வேறொரு நிறுவனத்தின் டவர் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மைலுக்குள். அதை நாங்கள் பயன்படுத்துவதே இல்லை, ஆனால் எங்கள் பூஸ்டர் அதையும் கேட்கிறது. பக்கத்தில் ஒரு டவர் பலமாகக் கேட்டால் பூஸ்டர் அந்த அலைவரிசையில் தன் பெருக்கத்தைத் தானே அடக்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நம் வீட்டுப் பெட்டியின் இரைச்சல் அந்த டவரின் காதை அடைத்துவிடும், ஊர்க்காரர்கள் யாரும் பேச முடியாது. நியாயமான விதி. ஆனால் ஆறு மைல் தள்ளி இருக்கும் எங்கள் டவருக்கு என் குரலைக் கொண்டுபோக வேண்டிய பெருக்கமும் அதோடு சேர்ந்தே அடங்கிவிட்டது. அம்மாவின் ஐந்து எண்கள் அங்கேதான் தொலைந்துகொண்டிருந்தன.

உருளையை இறக்கிவிட்டு, ஒரே திசையில் கேட்கும் ஆண்டெனா ஒன்றை வாங்கினோம். அட்டைப்பெட்டியைப் பிரித்ததுமே சிரிப்பு வந்துவிட்டது. மீன் முள் மாதிரி, எங்கள் மொட்டைமாடியில் அப்பா கட்டியிருந்த டிவி ஆண்டெனாவின் தங்கச்சி. கொடைக்கானலுக்கு ஒரு பக்கம், இலங்கையின் ரூபவாஹினிக்கு ஒரு பக்கம் என்று அப்பா மேலே நின்று குழாயைத் திருப்புவார். “தெரியுதா? இப்பத் தெரியுதா?” என்பார். “புள்ளி புள்ளியா வருதுப்பா” என்று நான் முற்றத்திலிருந்து கத்துவேன். இந்த முறை ஏணியில் என் கணவர், கீழே போனோடு நான். ஒரு தடவைக்கு ஒரு கை அகலம் திருப்பினார். ஒவ்வொரு திருப்புக்கும் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு எடுத்து, ஒரு நிமிடம் பொறுத்து எண்ணைக் குறித்தேன். அவசரப்பட்டால் பழைய எண்ணே நிற்கும்.

வரைபடத்தில் டவர் இருக்கும் திசைக்கு நேராக வைத்தபோது சுத்தம் 6. அங்கே ஒரு மலைத்தோள் குறுக்கே நிற்கிறது. அதிலிருந்து கொஞ்சம் வடக்கே, மலை இறங்கி இடைவெளி விடுகிற இடத்தைப் பார்க்க வைத்தபோது 13. பக்கத்து டவரும் ஆண்டெனாவின் விலாப்பக்கம் போய்விட்டது. அன்று இரவு இருபது எண்ணும் சொல்லி முடித்தேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று பயந்தேன். “எல்லாம் வந்துட்டு. எழுத ஒண்ணுமில்ல” என்றாள். பிறகு முக்கால் மணி நேரம் பேசினோம். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தின் பந்தி விவரம் முழுக்க, இரண்டு பேரும் எதையும் திருப்பிச் சொல்லாமல்.

ஜனவரியில் மறுபடி ஆறு எண் விட்டுப்போனது. பனி கொட்டி, இடையில் இரண்டு நாள் வெயிலடித்து உருகிய வாரம் அது. திசை மாறவில்லை, விளக்கும் பச்சை. கூரையிலிருந்து வரும் கேபிள் ஆண்டெனாவோடு சேரும் இணைப்பைக் கழற்றினேன். மறை திரும்பியதும் ஒரு சொட்டுத் தண்ணீர் என் கையுறையில் விழுந்தது. நடுச் செம்புக் கம்பி முனையில் பச்சைப் பாசி பிடித்திருந்தது, பூஜை அறையில் தேய்க்காமல் விட்ட செம்புப் பாத்திரத்தில் படிகிற அதே களிம்பு. சுற்றியிருந்த பின்னல் கருத்து, கை பட்டதும் உதிர்ந்தது. மாட்டும்போது மேலே சாதாரண இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றியிருந்தோம். முனையை வெட்டி எடுத்துப் புது கனெக்டர் போட்டேன். இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றினேன். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் விட்டேன், வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். அன்று இரவு மறுபடி இருபதுக்கு இருபது.

சின்ன விஷயங்கள் சில. உள் ஆண்டெனாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசினால் நல்லது என்று நினைத்தேன், அது தப்பு. போன் மிக அருகில் இருந்தால் பூஸ்டர் திணறுகிறது, எட்டடி தள்ளி சோபாவில் உட்கார்ந்தால் சரி. போனில் 5ஜியை அணைத்து எல்டிஇ (4ஜி) மட்டும் வைத்தேன், ஏனென்றால் இந்த மாதிரி வீட்டு பூஸ்டர்கள் எல்லா 5ஜி அலைவரிசைகளையும் பெருக்குவதில்லை. பெருக்காத ஒன்றில் போய் போன் தொற்றிக்கொண்டால் பூஸ்டர் இருந்தும் பயனில்லை. வைஃபை காலிங், அதாவது வீட்டு இணையம் வழியாகவே பேசுவது, வைத்துப் பார்த்தோம். எங்கள் இணைய இணைப்பு மெதுவானது. என் கணவர் வீடியோ மீட்டிங்கில் இருந்தால் குரல் தெறிக்கிறது, மின்சாரம் போனால் மோடமும் போய்விடுகிறது. அவசரத்துக்கு அதையும் வைத்திருக்கிறோம். இங்கே அவசர உதவி எண்ணான 911க்கான வீட்டு முகவரியைப் பதிவு செய்தும் வைத்திருக்கிறோம். பூஸ்டர் வழியாகப் போகும் அழைப்பில் நாம் இருக்கும் இடம் சரியாகப் போய்ச் சேராமல் இருக்கலாம் என்று அந்தப் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது. 911க்குப் பேசினால் முகவரியை வாயாலும் சொல்ல வேண்டும்.

தம்பி கேட்டான், “எக்கா, அந்த மெஷின் ஒண்ணு வாங்கி அனுப்பேன், நம்ம வீட்டுப் பின்கட்டுலயும் டவர் இல்லை.” முடியாது என்று சொல்லிவிட்டேன். இங்கே அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2013இல் வகுத்த விதிப்படி அங்கீகாரம் பெற்ற பூஸ்டரை வாங்கி, நம் செல்போன் நிறுவனத்தில் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களைத் தவிர வேறு யாரும் வைக்கக் கூடாது, அது சட்டப்படி குற்றம். அலைவரிசைகளும் பெரும்பாலும் வேறு. அங்கே புகார் கொடுப்பதும் வைஃபை காலிங்கும்தான் வழி. பின்கட்டுக்கு ஒரு வைஃபை ரவுட்டர் வைத்துக்கொடுத்திருக்கிறான், அவன் போனுக்கு அது போதுமாக இருக்கிறது.

இன்று காலை அம்மா காலண்டர் தாள்களை எடுத்து வைத்து எண்ணினாளாம். எழுத்து உள்ளவை முப்பத்தொன்று. “இனி வேண்டாம்னா அடுப்புக்குப் போட்டுருதேன்” என்றாள். ஏப்ரலில் பனி முழுக்க உருகியதும் ஏணி போட்டு அந்த டேப்பை ஒருமுறை பார்க்க வேண்டும், அதுவரை வைத்திரும்மா என்றேன். நாளைக்கும் இருபது வரை சொல்ல வேண்டும்.