சங்கத்து மனு

திருப்பூரில் பத்து மிஷின் போட்டு ஜாப் ஒர்க், அதாவது பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குப் பனியன் துணி தைத்துக் கொடுக்கும் வேலை, செய்கிறோம். பனியன் தொழில் சங்கத்துக்காரர்கள் டெல்லிக்கு மனு கொண்டு போகிறார்கள் என்றால், நமக்கென்ன என்று இருந்தவன்தான் நானும்.

2021 பட்ஜெட்டில் இறக்குமதிப் பஞ்சுக்கு 11 சதவீத வரி வந்தது. அப்புறம் நூல் விலை ஏறிய வேகத்தில், பேசின விலைக்கு ஆர்டர் முடிக்கவே கட்டுப்படியாகவில்லை. சங்கங்கள் விடாமல் கேட்டு, 2022 ஏப்ரலில் வரியை நிறுத்தி வைத்தார்கள். பஞ்சு கப்பலில் வந்து நூலாக வேண்டுமே, விலை உடனே இறங்கவில்லை. மே 16, 17 இரண்டு நாள் வேலை நிறுத்தம். ஓவர்லாக், பேட்லாக் தையல் மிஷின்கள் எல்லாம் துணி போர்த்திக் கிடந்தன. கைமடிக்கு, அதாவது தைக்கிறவருக்குத் துணியை மடித்துக் கொடுக்கும் வேலைக்கு, வரும் அக்கா வாசலில் நின்று, "நாளைக்காவது வேலை இருக்குங்களா தம்பி?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

நிறுத்தி வைத்த பஞ்சு வரி பிறகு திரும்பவும் வந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் நம் ஏற்றுமதிச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோதும், பஞ்சு வரியை எடுங்கள் என்ற அதே கோரிக்கைதான். டிசம்பர் 31 வரை பஞ்சு வரிக்கு விலக்கு கிடைத்தது. நல்லது. ஆனால் ஆர்டர் மாதக்கணக்கில் முன்னாலேயே பேசுவது. தவணை தவணையாகத் தரும் சலுகையை நம்பி விலை சொல்ல முடியாது. பருத்தி விவசாயிக்கும் நியாயமான விலை வேண்டும், அவர்களையும் உட்கார வைத்துப் பேச வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு நான் போகிறேன். சட்டப்படி 45 நாளில் வர வேண்டிய ஜாப் ஒர்க் கூலியையும் மனுவில் சேர்க்கச் சொல்வேன்.