அப்பா பெயரில் இருக்கும் வீடு யாருக்கு?

மலேசியாவில் தோட்டத்தை விட்டு வெளியேறி, ஊழியர் சேமநிதி (இபிஎஃப்) பணத்தைப் போட்டு டவுனோரத்தில் வாங்கிய மலிவு விலை வீடுகள் பல இன்னும் இறந்துபோன அப்பா, தாத்தா பெயரிலேயே கிடக்கின்றன. கேட்டால், "நாமினி அம்மாதானே, வீடும் அம்மாவுக்குத்தான்" என்கிறார்கள். வீட்டுக்கு நாமினி, அதாவது பணத்தை வாங்க எழுதிவைக்கப்பட்டவர், என்ற ஒன்றே கிடையாது. அது சேமநிதி, காப்புறுதி போன்றவற்றுக்கு உரியது. அங்கேயும் எல்லா நாமினியும் ஒன்றல்ல.

சேமநிதியில் முஸ்லிம் அல்லாதவர் யாரை எழுதினாரோ, பணம் அவருக்கே சொந்தம். காப்புறுதியில், 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி, கணவன், மனைவி, பிள்ளை பெயரை எழுதினால் பணம் அவர்களுக்கே. எழுதும்போது துணையும் பிள்ளையும் இல்லாதிருந்தால் பெற்றோருக்கும் அப்படியே. தம்பி பெயரை எழுதியிருந்தால் தம்பி பணத்தை வாங்கலாம், ஆனால் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது. வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளராகவே வாங்குகிறார். இது தெரியாமல் எத்தனை குடும்பங்கள் பேச்சை முறித்துக்கொள்கின்றன!

வீட்டுக்கு வருவோம். உயில் இருந்தால், அதில் எக்சிகியூட்டர் என்று பெயர் குறிக்கப்பட்டவர் உயர் நீதிமன்றத்தில் புரோபேட், அதாவது உயிலை நிறைவேற்றும் அனுமதி, எடுக்க வேண்டும். அவர் வேலையைச் செய்து முடிப்பவர்தான்; பங்கு எழுதியிருந்தால் மட்டுமே பயனாளி. உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். பங்கு பெறும் மகளோ அவள் கணவரோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் உயில் செல்லும், மகளின் பங்கு செல்லாது.

உயில் இல்லையென்றால், முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டம். அப்பா இறந்து, அம்மாவும் பிள்ளைகளும் இருந்தால் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. இறந்தவரின் பெற்றோரும் உயிரோடிருந்தால் பெற்றோருக்குக் கால், மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கும் மகனுக்கும் சமபங்கு. "சீர் கொடுத்தாயிற்று" என்ற பேச்சு அங்கே எடுபடாது. கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, திருமணத்தைப் பதியாமல் விட்டிருந்தால், மனைவி என்று நிரூபிப்பதிலேயே சிக்கல் தொடங்கிவிடும்.

உயில் இல்லாமல், நிலமோ வீடோ உட்பட மொத்தச் சொத்து 50 லட்சம் வெள்ளிக்குள் (ரிங்கிட்) இருந்தால் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. இந்த வரம்பு 2024 ஜூலைக்கு முன் 20 லட்சம். நிலம் இருக்கும் மாவட்டத்தின் புசாக்கா கெச்சில் (சிறு சொத்துப் பங்கீடு) பிரிவில் போராங் ஆ என்ற மனுப் படிவத்தைக் கொடுக்க வேண்டும். இறப்புப் பத்திரம், கிராண் (நிலப் பட்டா) நகல், வாரிசுகள் எல்லாருடைய ஐசி (அடையாள அட்டை) நகல்கள் தேவை. பிறகு விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் தங்கள் பங்கை அம்மாவுக்கு விட்டுக்கொடுப்பதென்றால் அங்கேயே சொல்ல வேண்டும். வர முடியாதவர் அதிகாரம் பெற்றவர் முன்னிலையில் கையெழுத்திட்ட சம்மதத்தை அனுப்ப வேண்டும். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் பங்கை வேறு யாரும் விட்டுக்கொடுக்க முடியாது.

நம்மவர்களின் மனு பெரும்பாலும் இழுபடுவது பெயரில்தான். கிராணில் ராமசாமியின் கடைசி எழுத்து 'ஒய்', ஐசியில் 'ஐ', பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் நடுவில் ஓர் எழுத்தே காணோம். ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் எழுதி, பெசுருஹ்ஜாயா சும்பா (சத்தியப் பிரமாண ஆணையர்) முன் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதில் பொய் சொன்னால் குற்றம். தாள்களை வரிசையாகப் பரப்பி, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மனுவைக் கொடுங்கள்.

விசாரணை முடிந்து பங்கீட்டு உத்தரவு கையில் வந்ததும் பலர் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அதை நில அலுவலகத்தில் பதியும் வரை கிராணில் இருப்பது இறந்தவர் பெயரேதான்; விற்கவும் முடியாது, பேங்கில் அடகு வைக்கவும் முடியாது. தோட்டக் கம்பெனி கொடுத்த குவாட்டர்ஸ் வீட்டுக்கு இவை எதுவும் பொருந்தாது, அது கம்பெனி சொத்து.