காற்றாலைகளுக்கு நடுவே கடற்பாசி

மண்டபம் கரையில் இன்று காலை, மூங்கில் மிதவையின் கயிறுகளில் பெண்கள் கடற்பாசித் துண்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தனர். மீன்கள் மேய்ந்துவிடாதிருக்க மிதவையின் அடியில் வலையும் கட்டியிருந்தார்கள்.

நெதர்லாந்துக் கரையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், ஹாலண்ட்சே குஸ்ட் சாயிட் காற்றாலைகளுக்கு இடையே, 2024இல் ஒரு கடற்பாசிப் பண்ணையை அமைத்தார்கள்.

இழுவலைப் படகுகள் நுழையக் கூடாத அந்த இடைவெளி, காற்றாலை அங்கே இருக்கும் காலம் முழுவதும் வெறுமனே கிடப்பானேன் என்பதுதான் அவர்களுடைய கணக்கு. பெல்ஜியம், கடலின் எந்தப் பகுதி எதற்கு என்று வகுக்கும் தன் 2020–2026 கடல்வெளித் திட்டத்தில், ஒரே பரப்பைப் பலரும் பயன்படுத்துவதைக் கொள்கையாகவே வைத்தது.

சொல்வது எளிது. நெதர்லாந்தை ஒட்டிய வட கடலின் அலையில் மூங்கில் ஒரு நாள் தாங்காது. கயிறு அறுந்து மின்கம்பியிலோ பராமரிப்புப் படகின் விசிறியிலோ சிக்கினால் இழப்பு யாருடையது என்பதைக் காப்பீட்டாளர் முதலிலேயே கேட்பார்.

தமிழகக் கடலில் 500 மெகாவாட் காற்றாலைக்கான நிதியுதவிக்கு ஒன்றிய அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. மன்னார் வளைகுடா வரைபடத்தில் தூண்களுக்கான புள்ளிகளை வைக்கும்போதே பாசிக்கும் நாட்டுப்படகுக்கும் வழி குறிக்க வேண்டும். தூண் நட்ட பிறகு நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எனக்கு நம்பிக்கையில்லை.