கூண்டு எண் 7

மதுரைக்கு மேற்கே, நாகமலை அடிவாரத்தில் உள்ள சிறிய விலங்குக் காப்பகம் ஒன்றில் நான் ஞாயிறுதோறும் தொண்டு செய்து வருகிறேன். வண்டியில் அடிபட்டவை, பார்வோ என்னும் குடல் தொற்றுநோய் கண்ட நாய்க்குட்டிகள், வயதானதும் தெருவில் விடப்பட்டவை என இங்கே வந்து சேர்பவற்றில் எல்லாமே பிழைப்பதில்லை. இறந்ததைச் சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றிவிடுவதுதான் நெடுநாள் வழக்கமாக இருந்தது. பதிவேட்டில் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி இருக்கும்: "கூண்டு 7, ஆண், செவலை, இறப்பு."

அந்தச் செவலை நாயை மாட்டுத்தாவணி அருகே இடுப்பு முறிந்து கிடந்த நிலையில் ஓர் ஆட்டோக்காரர் தூக்கி வந்திருந்தார். ஆறாம் நாள் அது இறந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து, அங்கே இட்லிக்கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் பிஸ்கட் பொட்டலத்தோடு வந்தார். இறந்துவிட்டது என்று சொன்னதும் சற்று நேரம் பேசாமல் நின்றவர், "எங்க தம்பி பொதச்சீங்க, ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன்" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை.

அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் கோயில் காளை இறந்தால் ஊரே கூடி மாலை போட்டு அடக்கம் செய்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில், கள்வரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரும் உருவமும் வீரனோடு சேர்த்தே பொறிக்கப்பட்டிருக்கின்றன. காத்து நின்றதற்குத்தான் மரியாதை என்றால், காக்க ஒரு வீடே வாய்க்காத நாய்க்கு யார் செய்வது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

இறந்தவற்றை முறையாகப் புதைக்க முடிவு செய்தோம். இடம் கிடைப்பதற்குள் மூன்று மாதம் ஆகிவிட்டது. முதலில் கேட்ட தென்னந்தோப்புக்காரர், கிணறு பக்கத்தில் இருக்கிறது என்று மறுத்தார். அது நியாயமான மறுப்பு. பிறகு ஒருவர் தம் தரிசு நிலத்தில் ஐந்து சென்ட் ஒதுக்கித் தந்தார். ஊராட்சியில் கொடுத்த மனு, சர்வே எண் விடுபட்டதால் ஒருமுறை திரும்பி வந்தது. மண்ணோ மூன்றடிக்குக் கீழே சுக்கான்பாறை. கடப்பாரை போட்டு ஆறடி இறக்குவதற்கு இரண்டு பேருக்கு ஒரு நாள் பிடித்தது. தெருநாய்களும் நரிகளும் தோண்டிவிடக் கூடாது என்பதால் ஆழத்தைக் குறைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

பார்வோ கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும் என்பதால், அந்தக் குட்டிகளுக்கு வடகோடியில் தனி வரிசை ஒதுக்கினோம். அங்கே போய்வந்த செருப்பை பிளீச்சிங் கரைசலில் கழுவாமல் எவரும் காப்பகத்துக்குள் வரக்கூடாது. வெறிநோய் ஐயம் உள்ள உடலை நாங்களாகத் தொடுவதில்லை, கால்நடை மருத்துவர் சொன்னபடிதான் செய்கிறோம். மற்றவற்றை ஈரத்துணியால் துடைத்து, கழுத்துக் கயிற்றை அவிழ்த்து, பழைய வேட்டியில் சுற்றி இறக்குகிறோம். கயிறு இருந்த இடத்தில் முடி தேய்ந்து வளையமாகத் தெரியும். அதைப் பார்க்கும்போதுதான் ஒரு காலத்தில் இதற்கும் வீடு இருந்தது என்பது உறைக்கும். பெயரில்லாமல் எதையும் குழியில் இறக்குவதில்லை என்பது நாங்கள் வைத்துக்கொண்ட விதி. குழிக்கு மேல் ஒரு புங்கங்கன்று. பதிவேட்டில் வரிசை எண், கன்று எண், பெயர்.

ஆடி அமாவாசையன்று அந்தப் பெயர்களையெல்லாம் உரக்க வாசித்தோம். "நாய்க்குத் திதியா?" என்று வருத்தப்பட்ட பெரியவர்களும் உண்டு, அவர்களோடு நான் வாதாடவில்லை. இட்லிக்கடை அம்மாவுக்கும் சொல்லி அனுப்பியிருந்தேன். செவலையின் உடல் அங்கே இல்லை என்று தெரிந்தும் வந்திருந்தார். முதல் பெயராக "செவலை" என்று வாசித்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அவன் பேரு மணிப்பா. எட்டு வருசமா அப்படித்தான் கூப்பிட்டேன்."

பழைய பதிவேட்டை எடுத்து வந்து, அந்தச் சிவப்பு வரியில் செவலை என்பதற்குப் பக்கத்தில் மணி என்று எழுதி, அவரிடம் காட்டினேன்.