சீனியர் விட்டுப்போன சோடியம்

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வைவாவுக்குக் காத்திருந்த சமயம் அது. நோ ட்யூஸ் படிவத்தை நீட்டியதும் கைடு கேட்டார், "அந்த மூணாவது ஹூட்டைக் காலி பண்ணியாச்சாம்மா?" ஹூட் என்றால் ரசாயன ஆவியை வெளியே உறிஞ்சும், கதவு வைத்த வேலை மேடை. அது நான் வேலை பார்த்த ஹூட்டே இல்லை, எனக்கு முந்தைய சீனியர் போன பிறகு யாருமே கை வைக்காதது. உள்ளே டொலுயீன் ஸ்டில் இரண்டு, அதாவது டொலுயீன் என்ற கரைப்பானிலிருந்து ஈரத்தை எடுக்கச் சோடியமும் பென்சோபீனோனும் போட்டுக் காய்ச்சிய குடுவைகள். ஈரமில்லை என்று காட்டும் நீல நிறம் எப்போதோ போய், அடியில் பழுப்பாக ஒரு குழம்பும் அதற்குள் சோடியக் கட்டிகளும். ஒரு பாட்டில் மண்ணெண்ணெயில் சோடியம். மூலையில் தேதி அழிந்துபோன டைஎத்தில் ஈதர் ஒன்று. எல்லாம் முடிய ஐந்து வாரம் ஆனது.

மண்ணெண்ணெய் பாட்டில் சுலபம். கட்டிகள் நன்றாக இருந்தன, பக்கத்து லேபுக்குத் தேவைப்பட்டது, எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டேன். நல்ல ரசாயனத்தை எதற்கு அழிக்க வேண்டும்?

ஸ்டில்களுக்குத்தான் நாள் பிடித்தது. ஒரு நேரத்தில் ஒரு குடுவை, பகலில் மட்டும், கூட ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். 2008 டிசம்பரில் அமெரிக்காவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழக ஆய்வகத்தில், காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் டெர்ட்-பியூட்டைல் லித்தியம் சிரிஞ்சிலிருந்து கொட்டித் தீப்பிடித்து, ஷெரி சாங்ஜி என்ற 23 வயதுப் பெண் 18 நாள் கழித்து இறந்துபோனார். லேப் கோட் போட்டிருக்கவில்லை, மேலே இருந்தது செயற்கை இழை ஸ்வெட்டர். அதைப் படித்த நாளிலிருந்து நான் பருத்திக் கோட் இல்லாமல் ஹூட் பக்கம் போனதில்லை.

குடுவையைத் தண்ணீர் ஐஸில் வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். கண்ணாடி விரிசல் விட்டால் சோடியம் நேரே தண்ணீரில்தான் விழும், பற்றிக்கொள்ளும். உலர்ந்த மணல் பரப்பிய ட்ரேயில் வைத்தேன், சூடானால் ஊற்றுவதை நிறுத்திக் காத்திருந்தேன். காற்று புகாமல் நைட்ரஜன் ஓட, மேலே இன்னும் கொஞ்சம் டொலுயீன் விட்டு, சோடியத்தை மெதுவாகக் கரைக்கும் ஆல்கஹாலான ஐசோபுரொப்பனாலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். 20 கிராம் சோடியம் முழுவதும் கரைந்தால் 10 லிட்டருக்கு மேல் ஹைட்ரஜன் வரும், அவசரப்பட்டால் அத்தனையும் ஒரேயடியாக வரும். பக்கத்தில் தண்ணீரோ கார்பன் டை ஆக்ஸைடு அணைப்பானோ உதவாது, ஒரு வாளி உலர்ந்த மணல் வைத்திருந்தோம். இன்னொன்று, குளோரோஃபார்ம் மாதிரி குளோரின் கரைப்பான் எதுவும் அந்த ஹூட்டிலேயே இருக்கக்கூடாது. சோடியமும் அதுவும் சேர்ந்தால் வெடிக்கும்.

மறுநாள் காலை குமிழ் நின்றிருந்தது. சரி, முடிந்தது என்று தண்ணீரைக் கையில் எடுத்துவிட்டேன். லேப் அசிஸ்டென்ட் அண்ணன்தான் "இரும்மா, உள்ள பாத்தியா?" என்றார். கண்ணாடித் தண்டால் கட்டியை அழுத்தினால் மேலே வெள்ளையாக ஓடு கட்டியிருக்கிறது, அது விரிசல் விட்ட இடத்தில் வெள்ளி மாதிரி மின்னுகிறது சோடியம். அன்றைக்கு அந்தத் தண்ணீரை ஊற்றியிருந்தால் டொலுயீனோடு சேர்ந்து பற்றியிருக்கும். குமிழ் நிற்பதை மட்டும் நம்பாதீர்கள், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அப்புறம் எத்தனால் விட்டு இன்னொரு நாள் கலக்கவிட்டு, கட்டி ஒன்றுகூட இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகே தண்ணீர், அதுவும் சொட்டுகளாக. கடைசியில் நீர்த்த அமிலத்தால் காரத்தைச் சமன்செய்து, குளோரின் மாதிரி ஹாலோஜன் எதுவும் இல்லாத கழிவுக்கான கேனில் சேர்த்தோம்.

கேனை வெளியே அனுப்புவது தனி வேலை. இந்தியாவின் 2016 அபாயக் கழிவு விதிகளின்படி கழிவை 90 நாளுக்கு மேல் சேர்த்து வைக்கக்கூடாது, கேனில் படிவம் 8 லேபிள், வண்டியோடு அனுப்புச் சீட்டான படிவம் 10. எடுத்துப்போகிறவர்கள் ஒவ்வொரு கேனிலும் என்ன, எவ்வளவு என்று கேட்டார்கள், கேட்கத்தான் வேண்டும். பெயர் தெரியாத பாட்டிலைத் தொடமாட்டோம் என்றார்கள். கேனில் ஊற்றும்போதே எழுதி வைக்காததால், பழைய நோட்டுகளைப் புரட்டி, கிளம்பிப்போனவர்களுக்கு ஃபோன் போட்டு, பட்டியல் தயாரிக்கவே எட்டு நாள் போனது. எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான்.

ஈதரை நான் திறக்கவில்லை. காற்றுப் பட்டு நாளானால் அதில் வெடிக்கக்கூடிய பெராக்சைடு உண்டாகும். மூடியைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருந்தது, அது பெராக்சைடு படிகமாக இருந்தால் மூடியைத் திருகும் உரசலே போதும். நகர்த்தவும் இல்லை. தூரத்திலிருந்து படம் எடுத்து, ஹூட் கதவை இறக்கி, தொடாதே என்று எழுதி ஒட்டி, துறைத் தலைவருக்கு எழுத்தில் கொடுத்தேன். வெடிபொருள் கையாளப் பழகியவர்கள் வந்து எடுத்துப்போகும்வரை 11 நாள் அந்த அறை பூட்டியே இருந்தது. என்ன இவ்வளவு பயம் என்று சிலர் கேட்டார்கள், பயந்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

அறையைத் திறந்த அன்று கைடு கையெழுத்துப் போட்டார். வாங்கிக்கொண்டு லேபுக்குத் திரும்பி, ஜூனியர் அன்றைக்குத்தான் பிரித்திருந்த புது ஈதர் பாட்டிலில் திறந்த தேதியை மார்க்கரில் எழுதினேன், ஆறு மாதம் தள்ளி இன்னொரு தேதியும் கீழே அவள் பெயரும்.