மணலுக்கு மட்டும் ஒரு சுவிச்

யாழ்ப்பாணத்தின் வடமராட்சி கிழக்கில் கள வேலைக்கு வாகனம் ஓட்டுகிறவர்கள் எல்லோரும், சில்லு வழுக்காமல் தடுக்கும் டிரக்ஷன் கொன்ட்ரோலை நிறுத்தும் சுவிச்சை ஒருநாள் தேடியிருப்பார்கள். மணற்காட்டிலோ அம்பனிலோ தார் வீதியை விட்டுக் கடற்கரைப் பக்கம் திரும்பினால் கெப் வாகனம், அதாவது பிக்கப், சோர்ந்துபோகும். அக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் என்ஜின் வேகம் எடுக்காது. வழுக்கும் காரின் படம் போட்ட மஞ்சள் விளக்கு டாஷ்போர்டில் மினுங்கும். சிறிது நேரத்தில் பின்சில்லுகள் அரைவாசி புதைந்துவிடும். அதன் பிறகு பனையோலை வெட்டிச் சில்லுக்கடியில் போட்டுத் தள்ளுவதுதான் வழி. புதிய சாரதிகள் பலர் என்ஜினில் பழுது என்று நினைத்து அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுப்பார்கள். பழுது எதுவும் இல்லை.

ஒரு சில்லு வழுக்கிச் சுற்றுவது தெரிந்தவுடன் டிரக்ஷன் கொன்ட்ரோல் என்ஜினின் விசையைக் குறைக்கிறது, அந்தச் சில்லுக்கு பிரேக்கும் பிடிக்கிறது. மழையில் நனைந்த தாரில் இது சரியான வேலை. காய்ந்த மணலில் நிலைமை வேறு. அங்கே சில்லு கொஞ்சம் வழுக்கிச் சுற்றினால்தான் வாகனம் ஓட்டம் குறையாமல் மணலின் மேலாகப் போகும். ஆகவே மணலில் இறங்குவதற்கு முன் அதை நிறுத்தத்தான் வேண்டும். டொயாட்டா ஹைலக்ஸ் போன்ற பல வாகனங்களில் சுவிச்சை ஒருமுறை தட்டினால் டிரக்ஷன் கொன்ட்ரோல் மட்டும் நிற்கும். வாகனம் நிற்கும்போது மூன்று செக்கனுக்கு மேல் அழுத்திப் பிடித்தால், வாகனம் பக்கவாட்டில் வீசாமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கொன்ட்ரோலும் சேர்ந்து நிற்கும். நாலு சில்லும் சேர்ந்து இழுக்கும் லோ கியரில் போட்டால் பல பிக்கப்களில் ஸ்டெபிலிட்டி கொன்ட்ரோல் தானாகவே ஒதுங்கிவிடும். ரயர் காற்றையும் 18 அல்லது 20 பிஎஸ்ஐ வரை இறக்க வேண்டும். சுவிச்சை அழுத்திவிட்டுக் காற்றை இறக்காமல் போகிறவருக்கும் கடைசியில் பனையோலைதான்.

எனக்கு மனவருத்தம் தருவது இதற்கு அடுத்த கட்டம். மணலில் புதைந்து அலுத்துப்போன ஒரு சாரதித் தம்பி என்னிடம் கேட்டார்: “அண்ணை, ஒவ்வொரு முறையும் இதோடு மல்லுக்கட்ட முடியாது. இதன் பியூஸைக் கழற்றி விட்டால் என்ன? கராச்சில் ஐந்து நிமிட வேலை என்கிறார்கள்.” கராச்சில் சொன்னது உண்மைதான், ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்தப் பியூஸோடு சேர்ந்து எவையெல்லாம் போகின்றன என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஸ்டெபிலிட்டி கொன்ட்ரோலும், பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் ஒரே பெட்டியிலுள்ள பம்பையும் வால்வுகளையும் கொண்டு வேலை செய்கின்றன. முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் பிரேக்கைப் பங்கிட்டுக் கொடுப்பதும் பெரும்பாலும் அதே பெட்டிதான். பியூஸைக் கழற்றினால் மூன்றும் போய்விடும்.

பிக்கப்பில் இது காரைவிட ஆபத்தானது. வெறும் தட்டோடு ஓடும்போது பின்பக்கத்தில் பாரமே இல்லை. பிரேக்கை அழுத்தியதும் பின்சில்லுகள் இறுகிக்கொள்ளும், பின்பக்கம் பக்கவாட்டில் வீசும். ஐப்பசியில் முதல் மழை விழும் நாளை நினைத்துப் பாருங்கள். மாதக்கணக்கில் படிந்த தூசியும் எண்ணெயும் வீதியில் கரைந்து கிடக்கும். இரவு ஏ9 வீதியில் மாடுகள் படுத்திருக்கும். மாட்டைக் கண்டு ஸ்டியரிங்கை வெட்டும் அந்தக் கணத்தில், நீங்கள் திருப்பிய திசையையும் வாகனம் உண்மையில் சுழலும் வேகத்தையும் ஸ்டெபிலிட்டி கொன்ட்ரோல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. பின்பக்கம் வீசினால் வளைவின் வெளிப்பக்க முன்சில்லை மட்டும் பிடித்து வாகனத்தை நேராக்குகிறது. நான்கு சில்லுகளில் ஒன்றை மட்டும் தனியாகப் பிடிக்க எந்தச் சாரதியின் காலாலும் முடியாது, எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் முடியாது. பிரேக் மிதி ஒன்றுதானே இருக்கிறது! 1995இல் மெர்சிடிஸ் பென்ஸ் காரில் முதன்முதலாக வந்த இந்த ஏற்பாட்டை, 2012 மொடலிலிருந்து எல்லா இலகு வாகனங்களிலும் அமெரிக்கா கட்டாயமாக்கியது. மணலில் தொல்லை தருகிறது என்பதற்காகக் கழற்றி எறியும் பொருளா அது?

தம்பி பியூஸைத் தொடவில்லை. அதற்குப் பதிலாக நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். மணல் முடிந்து தார் தொடங்கும் இடத்தில் வாகனத்தை நிறுத்துவது, சுவிச்சை மீண்டும் அழுத்துவது, விளக்கு அணைந்ததைப் பார்ப்பது, கையோடு கொண்டுபோன பம்பால் காற்றை நிரப்புவது. என்ஜினை நிறுத்தித் திரும்பவும் போட்டால் நிறுத்திய கொன்ட்ரோல் தானாகவே வந்துவிடும் என்பதும் பலருக்குத் தெரியாத நல்ல செய்தி.

விளக்கு மினுங்கினால் அது வேலை செய்கிறது. நிறுத்தியிருக்கும்போது அதை அறிவிக்கும் விளக்கு அணையாமல் நிற்கும். சுவிச்சைத் தொடாமலும் லோ கியரில் போடாமலும் விளக்கு அணையாமல் எரிந்தால்தான் பழுது. கடற்காற்றும் உப்புமாக இருக்கும் எங்கள் பகுதியில், சில்லின் வேகத்தை அளக்கும் சென்சரின் வயர் முனைகள் துருப்பிடிப்பதை முதலில் சந்தேகிக்கலாம். அதைத் துப்புரவாக்கிப் பார்க்காமல் பெட்டியையே மாற்றச் சொல்கிறவரிடம் வாகனத்தைக் கொடுக்காதீர்கள்.

ஜப்பானிலிருந்து பாவித்த வாகனமாக வந்தவற்றில் கையேடு இருந்தாலும் அது ஜப்பானிய மொழியில் இருக்கும். மற்றவற்றில் ஆங்கிலம். சாரதிக்கு இவற்றைத் தமிழில் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. வாகனச் சாவியைக் கையளிக்கும் அலுவலகங்கள் ஒரு பக்கத் தாளையாவது தமிழில் அடித்து உள்ளே வைக்கட்டும். கையளிக்கும் நாளிலேயே சாரதியை மணலுக்குக் கூட்டிப்போய், சுவிச்சை அழுத்தாமல் ஒருமுறையும் அழுத்தி ஒருமுறையும் ஓட்ட விடட்டும்.