சுவரை இடிக்கும் முன்னால் கட்டையைப் பாருங்கள்

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் தாத்தா வீட்டில் அடுக்களைக்கும் அரங்கு என்கிற உள்ளறைக்கும் நடுவே ஒரு சுவர். நாலரை இஞ்ச்தான். முதலில் பார்க்க வந்தவர் "இது சும்மா தடுப்பு, ஒரே நாள்ல இடிச்சிரலாம்" என்றார். நாங்களும் சரி என்றுதான் இருந்தோம். பழைய வீட்டை இப்போது நிறைய பேர் மாற்றிக் கட்டுவதால் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

இந்த மாதிரி வீட்டில் தளத்தைத் தாங்குவது மரக்கட்டைகள். அதன்மேல் சின்னச் செங்கலைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, தட்டோடு பதித்திருப்பார்கள். லேசான எடை இல்லை. கட்டை பெரும்பாலும் அறையின் குறுகிய பக்கமாகத்தான் ஓடும், அதன் நுனிகள் உட்கார்ந்திருக்கும் சுவர்தான் பாரம் சுமக்கிற சுவர். கட்டைக்கு இணையாகப் போகும் சுவர், மச்சில் அதே கோட்டில் இன்னொரு சுவர் இல்லை என்றால், பொதுவாகத் தன் எடையை மட்டும் சுமக்கும். நீளம் பத்தாமல் கட்டையை ஒட்டுப் போட்டிருந்தால் ஒட்டுக்குக் கீழே இருப்பதைத் தொடவே கூடாது. அப்புறம், பட்டாசல் என்கிற கூடத்தின் தூண்களுக்கு இடையில் பிற்பாடு சுவர் வைத்து, தூணையும் மூடிப் பூசிய வீடுகள் உண்டு. அங்கே சுவர் போகலாம், தூண் போகக்கூடாது.

எங்கள் வீட்டில் கட்டைகள் ஒரே துண்டாகப் பன்னிரண்டு அடி, தடுப்புச் சுவரைத் தாண்டி வெளிச்சுவர் வரை போகின்றன. அப்படியென்றால் இடிக்கலாம் என்றுதானே தோன்றும்? ஊரில் வயதான கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டோம். "செவரத் தட்டிப் பாத்தா ஒண்ணும் தெரியாது தம்பி, ஒரு ஆக்ஸா பிளேடு கொண்டாங்க" என்றார்.

ஏணி போட்டு, சுவர் உச்சியில் அடைந்திருந்த பூச்சைச் சுரண்டிவிட்டு, கட்டைக்கும் சுவருக்கும் நடுவில் பிளேடை விட்டார். மொத்தம் ஒன்பது கட்டை. ஆறில் சர்ரென்று போனது. கடைசி மூன்றில் நுழையவே இல்லை. அந்த மூன்றின் நுனியையும் வெளிச்சுவரில் தோண்டிப் பார்த்தால், மாடித் தண்ணீர் விழும் தூம்புக்கு நேர் கீழே மரம் ஈரத்தில் ஊறிப்போய், விரலால் கிள்ளினால் மாவாக உதிர்ந்தது. வெளிச்சுவரில் பிடிப்பு போன கட்டைகள் எத்தனை வருஷமாகவோ அந்த நாலரை இஞ்ச் சுவரில்தான் சாய்ந்து நின்றிருக்கின்றன. தடுப்பாகக் கட்டிய சுவர் தாங்குகிற சுவராக மாறிவிட்டது. அன்றைக்கே இடித்திருந்தால் தளம் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது, கீழே ஆச்சி படுத்திருப்பாள்.

ஒரு பொறியாளரையும் வரவழைத்துக் காட்டினோம். சுவருக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, தூம்பைத் தள்ளி வைத்து, மூன்று கட்டைகளையும் மாற்றினோம். முட்டுகளை மெல்ல இறக்கிவிட்டுக் கொத்தனார் திரும்ப ஏணியில் ஏறினார். ஒன்பதிலும் பிளேடு போனது. மறுநாள் காலையில் உச்சி வரிசையிலிருந்து ஒவ்வொரு செங்கலாக எடுக்க ஆரம்பித்தார்.